நான் போட்ட பாதையும் நீ கட்டும் குடையும்

பாப்பா,

நலம்தானே என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. பள்ளிக்கூட விழாவில் நீ மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து வெளியே போனேன். நீ அன்று சாயங்காலமே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்துப் போய்விட்டாய். வடித்த சோறும் வெஞ்சனமும் மூடியது மூடியபடியே கிடந்தன. மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. முந்தாநாள் ஒரே ஒரு வரி அனுப்பினாய்: "நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு ஊரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்துன?" கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஊர் முன்னால் எழுந்து போனவள் காரணத்தை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் நியாயமில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் இருக்கிறது. உன் மேலும் இருக்கிறது, என் மேல் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி.

நீ என்ன பேசினாய் என்பதை முதலில் எழுதுகிறேன், பிறகு நான் திரித்துச் சொன்னதாக ஆகக்கூடாது. வத்தலக்குண்டில் நீ படித்த அதே பள்ளிக்கூடம், அதே மைதானம். ஏவுகணைத் தடுப்பு ஆராய்ச்சியில் நீ வேலை பார்க்கிறாய் என்று சால்வை போட்டார்கள். எதிரி நாடு அணுகுண்டு வைத்த ஏவுகணையை விட்டால் நம் ரேடார் அதை எப்படிக் கண்டுபிடிக்கும், நம்முடைய தடுப்பு ஏவுகணை எப்படி மேலே போய் வானத்திலேயே அதை மோதி உடைக்கும் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி அழகாகச் சொன்னாய். நாட்டுக்கு ஒரு குடை பிடிக்கிறோம் என்றாய். சும்மா சொல்லக்கூடாது, அதுவரை எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, அதுவும் ஏவுகணைதானே அக்கா என்று கேட்டாள். நீ சிரித்தாய். "இது யாரையும் அடிக்காதும்மா. வர்ற அடியைத் தடுக்கும், அம்புட்டுத்தான்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். எங்கள் சித்தப்பா எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியை அடைக்கப் பார்த்தார், எங்கள் அம்மா அவரோடு சண்டைக்குப் போகாமல் தனியாக ஒரு பாதை போட்டுக்கொண்டார், அந்தப் பாதை யாரைக் காயப்படுத்தியது, அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்று பெருமையாகச் சொன்னாய்.

கடைசி வரிசையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, கவனித்தாயா? உன் சித்தப்பாதான். அண்ணன் மகளுக்குச் சால்வை போடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, சேவுகம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நான் அவரைப் பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இருந்தேன். நீ அந்தக் கதையைச் சொன்னதும் மெல்ல எழுந்தார். வலது கையை ஊன்ற முடியாது அவருக்கு, இடது கையால் நாற்காலியைப் பிடித்து எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார். அவரை விட்டால் அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னால் அங்கே உட்கார்ந்து கைதட்டல் வாங்க முடியவில்லை. பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அவர் ஊர் பஸ்ஸுக்காகக் கூட்டத்தில் நின்றார். பக்கத்தில் போய்ப் பேசுகிற தைரியம் எனக்கு வரவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அவர் பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்த காலம் அது, உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் போனில் சொன்னதுதான். உன் தாத்தா நிலத்தைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாதி பாதியாகப் பிரித்துக்கொடுத்தபோது கிணறு நம் பக்கம் விழுந்தது. தார் ரோட்டிலிருந்து வருகிற வண்டிப்பாதை சித்தப்பா பக்கம் விழுந்தது. நம் கிணற்றில் இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்கு முறைத் தண்ணீர். அவர் நிலத்து வழியாக நமக்குப் போக்குவரத்து. அவருடைய வாழைக்கும் தக்காளிக்கும் வேறு தண்ணீர் கிடையாது. நம் மல்லிகைப்பூ விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போயாகவேண்டும், ஒருநாள் வழி அடைத்தால் பறித்த பூவெல்லாம் வாடிக் குப்பைக்குப் போகும். ஆக இரண்டு பேர் கழுத்தும் இரண்டு பேர் கையிலும் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் சண்டை வராமல் இல்லை, மாசத்துக்கு ஒன்று வரும். பாதையை அடைத்துவிடுவேன் என்று அவர் கத்துவார், தண்ணீர் வால்வைத் திருகிவிடுவேன் என்று உன் அப்பா கத்துவார். இருபது வருஷத்துக்கு மேல் அவரும் அடைக்கவில்லை, இவரும் திருகவில்லை. பாசத்தால் மட்டும் என்று சொன்னால் பொய். பயமும் இருந்தது. அந்தப் பயத்தோடு வாழ்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒருநாள் நம் தென்னையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று விழுந்து அவருடைய பந்தலைச் சாய்த்துவிட்டது. அவர் ஆத்திரத்தில் ஒரு முள் கிளையை இழுத்துவந்து பாதையில் போட்டார். அரைமணி நேரம் இருக்கும். பிறகு அவரே வந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவர் முள்ளை எடுத்தது என் மனசில் பதியவில்லை, போட்டது மட்டும்தான் பதிந்தது. என்றைக்காவது எடுக்காமல் போனால் என்ன செய்வது என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. பின்பக்கத்து நிலக்காரரிடம் பேசி, என் சேமிப்பைப் போட்டு, மேற்கே போகிற ரோட்டுக்கு வழி போட ஒரு துண்டு நிலம் வாங்கினேன். உன் அப்பாவுக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. "அவன் கையில அது ஒண்ணுதாண்டி இருக்கு. அதையும் புடுங்கிட்டா அவன் சும்மா இருப்பான்னு நெனைக்கிறியா?" என்று கேட்டார். நான் எதையும் பிடுங்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை, நம் பாதுகாப்புக்கு நம் காசில் ஒரு வழி போடுகிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எகிறினேன். மேடையில் நீ சொன்ன அதே வாக்கியம்தான், வார்த்தை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

கிராவல் மண் அடித்துக்கொண்டிருந்தபோது உன் சித்தப்பா வந்து வரப்பில் நின்றார். ரொம்ப நேரம் மண் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "மதினி, இனி என் பாதை உங்களுக்கு வேணாம். என் தண்ணி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாங்கள் என்றைக்காவது உங்கள் தண்ணீரை நிறுத்தியிருக்கிறோமா, எங்கள் மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இம்புட்டு நாளும் நிறுத்த மாட்டீகன்னு தெரியும் மதினி. ஏன்னா உங்களால முடியாது. இப்ப முடியும்ல" என்றார். அன்றைக்கு அது எனக்குக் குதர்க்கமாகப் பட்டது. அவரைச் சந்தேகப் பிராணி என்று உன்னிடம் போனில் திட்டியது ஞாபகம் இருக்கிறதா? இன்று யோசித்தால், என் வாழ்நாளில் ஒரு மனிதர் என்னிடம் கேட்ட மிக நேர்மையான கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். பாதை போட்டு மூன்று மாசம் ஆகவில்லை, கோடை வந்தது, மல்லிகை வாடத் தொடங்கியது. அவருடைய முறை நாளில் நம் வயலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னேன். உன் அப்பா மறுத்தார். நானே போய் வால்வைத் திருப்பினேன். ஒரு மணி நேரம்தானே, அவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு எங்கிருந்து வந்தது சொல். இருபது வருஷத்தில் ஒரு கோடையில்கூட நான் அந்த வால்வுப் பக்கம் போனதில்லை. பயம் போனதும் மரியாதையும் சேர்ந்து போய்விட்டது. குடை யாரையும் அடிக்காது என்கிறாயே, அது உண்மைதான். குடை பிடித்தவளுக்கு என்ன தைரியம் வரும் என்பது எனக்குத் தெரியும், நானே அவளாக இருந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரம் அப்புறம் இரண்டு மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகுதான் அவர் போர்வெல் வண்டியைக் கூட்டிவந்து, நம் கிணற்றுக்குப் பக்கத்தில் எல்லைக் கல்லை ஒட்டி ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர்ச் சண்டையை இந்த இடத்தில் இருந்துதான் நான் உனக்குச் சொல்ல ஆரம்பித்தேன். சித்தப்பா போர் போட்டு நம் தண்ணீரை உறிஞ்சிவிட்டார் என்று சொன்னேன், நான் வால்வைத் திருப்பியதை முழுங்கிவிட்டேன். நம் கிணற்றில் மட்டம் இறங்கியது. நாம் கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளைத்து சைடு போர் போட்டோம். அவர் இன்னும் ஆழமாக இன்னொன்று போட்டார். இரண்டு பக்கமும் தற்காப்புதான், இரண்டு பக்கமும் யாரையும் அடிக்கவில்லைதான். கீழே இருந்தது ஒரே தண்ணீர். இன்று போய்ப் பார், இரண்டு பேர் நிலத்திலும் கொண்டை இல்லாத தென்னைகள்தான் நிற்கின்றன.

அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்ட நாளையும் நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. ஒரு காலை நேரம். நம் மோட்டார் ஓடியது, அவருடையது ஓடவில்லை. இரண்டுக்கும் கரண்டு ஒரே டிரான்ஸ்பார்மரில் இருந்துதான் வருகிறது. நாம்தான் வயரை வெட்டிவிட்டோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வெயிலில் வாழைக்கன்று காய்கிறது, பொறுமையாக விசாரிக்க அவருக்கு நேரமில்லை. முன்பெல்லாம் என்றால் வரப்பில் நின்று, அண்ணே கரண்டு இருக்கா என்று ஒரு குரல் கொடுத்திருப்பார். அப்போது பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடப்பாரையை எடுத்துவந்து நம் பைப்லைனை உடைத்தார். உன் அப்பா மண்வெட்டியோடு ஓடினார். காம்பால் ஓங்கிப் போட்ட அடியில் தம்பியின் வலது கை தோளுக்குக் கீழே முறிந்தது, கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை. சாயங்காலம் லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரைத் திறந்து, அவர் லைனுக்குப் போகிற பியூஸ் போயிருக்கிறது என்று சொல்லிப் புதுக் கம்பி கட்டிவிட்டுப் போனார். அம்புட்டுத்தான் விஷயம். அந்த டிரான்ஸ்பார்மர் தோட்டத்திலிருந்து பத்து நிமிஷ நடை, போய்ப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

உன் அப்பா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிட்டதில்லை. தம்பியை அடித்த கை என்று வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் இறந்தபோது சித்தப்பா வரவில்லை என்று நீ இன்றுவரை மனசில் வைத்திருக்கிறாய். வந்தார் பாப்பா. நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்வதற்கு முன்னால், தெருமுனை வரைக்கும் மாலையோடு வந்தார். ஆண் பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தான்தான் கொள்ளி வைக்கவேண்டும் என்று ஆள் விட்டுக் கேட்டார். நான்தான் உள்ளே விடக்கூடாது என்று சொன்னேன். தூரத்துப் பங்காளி ஒருத்தரை வைத்துக் காரியத்தை முடித்தேன். நீ கேட்டபோது, வரவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை அஸ்திவாரமாக வைத்து நீ ஒரு கொள்கையே கட்டிவைத்திருக்கிறாய் என்று அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இது வயல் சண்டை, நாட்டு விவகாரம் வேறு, உனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்பாய். முப்பது வருஷம் கிளை நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். வேலையைப் பற்றி நீ வாயே திறக்கமாட்டாய், உன் விதிகள் அப்படி, அதில் எனக்கு வருத்தமில்லை. என் பிள்ளை என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஏவுகணைத் தடுப்பு பற்றி என் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததை இரண்டு தரம் படித்தேன். இரண்டு பெரிய வல்லரசுகள் ஒரு காலத்தில் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன, நீயும் பெரிய குடை கட்டாதே, நானும் கட்டமாட்டேன் என்று. முதலில் படித்தபோது, தடுப்பைப் போய் யாராவது தடை செய்வார்களா, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைத்தேன். பிறகு "என் தண்ணி?" என்று உன் சித்தப்பா கேட்ட அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது, பட்டென்று விளங்கிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் பாதையும் தண்ணீரும் மாதிரி ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அசிங்கமான ஏற்பாடு, அதை நான் புகழமாட்டேன். கோடிக்கணக்கான ஜனங்களைப் பணயம் வைத்துக் கிடைக்கிற அமைதியைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் அது நின்றது. பிறகு ஒரு நாடு ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தது, தற்காப்புக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தது. மற்ற நாடு என்ன செய்தது? தடுப்புக்குச் சிக்காமல் வளைந்து நெளிந்து பறக்கிற ஆயுதமும், கடலுக்கடியில் ஓடிப் போகிற ஆயுதமும் செய்ய ஆரம்பித்தது. எல்லைக் கல்லை ஒட்டிப் போட்ட போர்வெல்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

உங்கள் குடையில் ஓட்டை உண்டு என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். எதிரி மொத்தமாக அள்ளி வீசினால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. பத்து வந்து ஒன்பதை நீங்கள் உடைத்தாலும் மிச்சமிருக்கிற ஒன்று ஒரு நகரத்துக்குப் போதும். அப்படியானால் அந்தக் குடை எப்போது நன்றாக வேலை செய்யும்? எதிரியிடம் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்போது. எதிரியிடம் எப்போது கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்? நாம் முந்திக்கொண்டு அடித்து அவனுடையதில் முக்கால்வாசியை அழித்துவிட்ட பிறகு. நம் நாடு முதலில் அணுகுண்டை எடுக்கமாட்டோம் என்று சொல்லியிருக்கிறதே என்பாய். நான் நம்புகிறேன். எதிரே இருப்பவன் நம் வாய்ச் சொல்லை வைத்து முடிவு செய்யமாட்டான், நம்மால் என்ன முடியும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வான். அதனால் இன்னும் நாலு குண்டு செய்வான், ஒரே ஏவுகணையில் பல குண்டு வைப்பான், கூடவே போலிகளை அனுப்பி உங்கள் ரேடாரை ஏமாற்றுவான். பக்கத்து நாடு நம் தடுப்பைக் காரணம் காட்டியே ஒரே ஏவுகணையில் பல குண்டு வைக்கிற வழிக்குப் போனது என்று பேப்பரிலேயே படித்தேன். எல்லாவற்றையும்விட மோசம், அடி வாங்கினால் மிஞ்சாது என்கிற அவசரத்தில் விரலைப் பட்டன் மேலேயே வைத்திருப்பான். நமக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஏவுகணை வந்து சேர சில நிமிஷம்தான். அன்றைக்கு எங்கோ ஒரு பியூஸ் போனால் யார் நடந்து போய்ப் பார்ப்பார்கள்?

நீ ஒருமுறை போனில் கேட்டாய், ஊர் மேலே விழப்போகிற குண்டைத் தடுக்க முடியும்போது தடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா என்று. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கிறுக்கன் ஒருத்தன் ஒரே ஒரு ஏவுகணையைத் தூக்கி வீசினால் உன் குடை என் தலைக்கு மேலே இருக்கவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுவேன். திண்டுக்கல் மேலே விழட்டும் என்று விட்டுவிட நான் என்ன பைத்தியமா? உன்னை வேலையை விடச் சொல்லியும் இதை எழுதவில்லை. எனக்கு ஆத்திரம் எதில் என்றால், விஷயம் தெரிந்த நீ, மேடை ஏறி அந்தப் பிள்ளைகளிடம் இது யாரையும் ஒன்றும் செய்யாது என்று சொன்னதில்தான். அந்தப் பெண் சரியான கேள்வி கேட்டாள். நீ சிரித்து மழுப்பினாய். டிவியில் கத்துகிறவன் அப்படிப் பேசினால் தொலைகிறான் என்று விட்டுவிடுவேன். நீ பேசலாமா? நீ செய்கிற ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருத்தன் ராத்திரி பகலாக அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் பயப்படுவது உனக்கு முட்டாள்தனமாகத் தோன்றலாம், பயந்தவன் செய்வது உன் தலையில்தான் வந்து விழும். என் தலையில் விழுந்தது, உன் அப்பா தலையில் விழுந்தது.

முந்தாநாள் உன் செய்தி வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேற்றுக் காலையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்த வாசலை மிதித்து. உன் சித்தி என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்று, கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். முதலில் தப்புச் செய்தவள் நான், வால்வைத் திருப்பியவளும் நான், பிள்ளையிடம் பாதிக் கதை சொன்னவளும் நான், தெருமுனையில் உங்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான் என்று. அவர் தலை நிமிரவில்லை. வால்வு விஷயம் அன்றைக்கே தெரியும் என்றார், அண்ணன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்றார். கொள்ளி வைக்க விடாததைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. பிறகு பாதைப் பேச்சுக்கு வந்தார். "பாதை போடுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தீகன்னா, மண்ணு அடிக்க நானே டிராக்டர் விட்டிருப்பேன் மதினி. என் தண்ணிக்கு ஒரு எழுத்து எழுதிக் குடுத்திருந்தீகன்னா போதும்" என்றார்.

கேட்டாயா? பாதை அவருக்குப் பிரச்சினையே இல்லை. பேசாமல் போட்டதுதான் பிரச்சினை, பதிலுக்கு எந்த உறுதியும் கொடுக்காமல் போட்டதுதான் பிரச்சினை. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் நமக்குப் பாதையும் இருந்திருக்கும், அவருக்குத் தண்ணீரும் இருந்திருக்கும், உன் அப்பா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார். அடுத்த மாசம் உனக்குப் புதுப் பொறுப்பு வருகிறது, பத்துப் பேருக்குத் தலைமை என்று விழாவுக்கு வந்தபோது சந்தோஷமாகச் சொன்னாய். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தராவது எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து, இதைப் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிற வேலையைச் செய்கிறாரா? ஒருத்தரும் இல்லை என்றால் அந்த வேலையை நீ செய். பெரிய அதிகாரிகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், உன் பதவி உயர்வு தள்ளிப் போனால் போகட்டும். இரண்டு பக்கத்துக்கும் பேச்சு நின்றுவிடக்கூடாது, அவனுக்கும் ஒரு எழுத்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அந்த அறையில் ஒரு குரலாவது கேட்கவேண்டும். என் கதையை மேடையில் இனி சொல்லாதே, சொன்னால் வால்வோடு சேர்த்துச் சொல்.

கோபம் அடங்கிவிட்டதா என்று கேட்டால், இல்லை. எழுத எழுத ஏறியிருக்கிறது. என் மேல் இருக்கிற கோபத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். உன் மேல் இருப்பது நீ செய்யப்போகிற ஒரு காரியத்தில் தீரும். புதுப் பொறுப்பில் உட்காருவதற்கு முன்னால் ஊருக்கு ஒருமுறை வா. நேராக இங்கே வராமல் சித்தப்பா வீட்டுக்குப் போ. மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாமல் உட்கார்ந்து, மண் அடித்த அன்றைக்கு வரப்பில் நின்றவருக்கு என்ன தோன்றியது என்று அவர் வாயாலேயே கேள். உன் எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. நான் கூட வரமாட்டேன். நான் பக்கத்தில் இருந்தால் அவர் என்னை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் பாதியை முழுங்கிவிட்டுத்தான் பேசுவார்.

அம்மா